உன்னிடம் பட்ட கடன்: செய்னாபோ சேவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்னாபோ,

நீ படிக்க முடியாத மொழியில் உனக்கு எழுதுகிறேன். உன் பாட்டுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நீ பிறந்து வளர்ந்த நாட்டில் ஸ்வீடிஷ் பேசுகிறார்கள். உன் அப்பாவின் மண்ணில் வொலோஃபும் மாண்டிங்காவும் ஒலிக்கின்றன. இவற்றில் எதிலும் நான் நன்றி சொல்லிப் பழகியவள் இல்லை. மனதாரச் சொல்ல வேண்டுமென்றால் எனக்குத் தமிழ்தான் வரும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழுந்தால் விழட்டும், தவறில்லை. 2015 அக்டோபர் 23 அன்று வெளிவந்த ‘பிரிடெண்ட்’ உன் முதல் முழு ஆல்பம்.  அந்த ஆல்பத்திடமும், அதற்குப் பின்னால் இருந்த மனிதர்களிடமும், ஊர்களிடமும் நான் வாங்கிக்கொண்டது நிறைய. ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

செய்னாபோ, முதல் கடன் ஆல்பத்துக்கு முந்தையது. எங்கள் ஊரில் யார் புத்தகம் போட்டாலும் முதல் பக்கங்களில் ‘சமர்ப்பணம்’ என்று ஒரு தாள் இருக்கும். அம்மா, அப்பா, ஆசிரியர், சில வேளைகளில் குலதெய்வம். இரண்டு வரி எழுதிவிட்டு நூலுக்குள் போய்விடுவோம். நீ அந்தத் தாளையே தனி இசைத்தட்டாக்கினாய், அதுவும் இரண்டு முறை. 2014-இல் வந்த சிறு தொகுப்புக்கு ‘ஃபார் மேடலின்’ என்று பெயர். மேடலின் உன் அம்மா. அடுத்த ஆண்டு வந்ததற்கு ‘ஃபார் மௌடோ’ என்று பெயர். மௌடோ உன் அப்பா. இருவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் முழு ஆல்பத்தோடு வந்து நின்றாய். அறிமுகமாகும் பாடகருக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை, ‘உன் பெயரை மக்கள் மனதில் பதிய வை’ என்பதுதான். ஒரு புதுக் குரல், தன் பெயரைப் பதிக்க வேண்டிய இடத்தில் பெற்றோரின் பெயரைப் பொறித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் இப்படி ஒரு கடிதம் எழுதலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

மௌடோவின் மகளே, உன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக. மௌடோ சே காம்பியாவில் பிறந்த இசைக்கலைஞர். அங்கும் பக்கத்து செனகலிலும் பெயர் பெற்றவர். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு காம்பியா. ஓர் ஆற்றின் இரு கரைகளையும் ஒட்டி ஒல்லியாக நீண்டு, மூன்று பக்கமும் செனகல் சூழ, நான்காவது பக்கம் அட்லாண்டிக்கைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் நிலம். அந்தப் பகுதியில் வம்சாவளிகளை மனதில் சுமந்து, குடும்பங்களின் வரலாற்றைப் பாடலாகக் காப்பாற்றி வரும் பரம்பரைப் பாடகர்கள் உண்டு. பெரிய சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி இருபத்தொரு நரம்புகள் கட்டிய கோரா அவர்கள் கையில் இருக்கும். உன் அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் நான் அந்த ஆற்றங்கரைக்கே போய்ச் சேர்ந்தேன். கோராவை வாசிக்கும் சோனா ஜோபார்த்தேயைக் கேட்டேன். ஆண்கள் மட்டுமே கைவைத்து வந்த கருவியை, ஒரு பெரிய பரம்பரைக் குடும்பத்துப் பெண்ணாக இருந்து மேடையேற்றியவர் அவர். செனகலின் யூசு ந்தூரைக் கேட்டேன். சபார் மேளத்தின் சடசடப்புக்கு நடுவே அவர் குரல் எழும்பிப் பறப்பதைக் கேட்டேன். நீ எதையும் சுட்டிக்காட்டவில்லை, செய்னாபோ. ஓர் அட்டையில் உன் அப்பாவின் பெயரை எழுதினாய், அவ்வளவுதான். அந்த ஒரு பெயருக்குள் ஒரு தேசம் முழுவதும் இருந்தது.

செய்னாபோ, அந்த நாட்டு இசையில் கொஞ்ச நாள் தோய்ந்துவிட்டுத் திரும்பி வந்து உன் ஆல்பத்தைக் கேட்டேன். கோராவின் ஒரு நரம்பாவது எங்கேயாவது அதிராதா என்று தேடினேன். அப்பா ஆப்பிரிக்கர் என்றால் ஆல்பத்தில் ஒரு மேளத்தையோ ஒரு கூவலையோ அலங்காரமாகத் தொங்கவிடுவது எளிது, விற்கவும் செய்யும். நீ அதைச் செய்யவில்லை. பெரிய தாள அடிகள், காஸ்பல் தேவாலயத்தை நினைவூட்டும் கூட்டுக்குரல்கள், நரம்பிசை, சிந்தசைசர் இவற்றால்தான் அந்த ஆல்பம் கட்டப்பட்டிருக்கிறது. உன் அப்பா அதில் ஒலியாக இல்லை. ஆனால் நிதானமாக, சபையை நேராகப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிற உன் தோரணையில் அவர் இருப்பதாக எனக்குப் படுகிறது. வாரிசாகப் பெற்றதை வாசலில் தோரணமாகக் கட்டாமல் நடையில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ காட்டினாய். மரபைப் பற்றி எழுதிப் பிழைக்கும் எனக்கு இது சிறிய பாடம் இல்லை.

ஹால்ம்ஸ்டாட்டில் வளர்ந்தவளே, அந்த ஊருக்கும் என் நன்றியில் பங்கு உண்டு. நீ பிறந்தது 1990-இல், ஸ்டாக்ஹோமின் சோடர்மால்ம் தீவில். கிரேட்டா கார்போ பிறந்த அதே தீவில். ஆனால் உன் சிறுவயதின் பெரும்பகுதி மேற்குக் கடலோரத்து ஹால்ம்ஸ்டாட்டில் கழிந்தது. நிசான் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர் அது. ஆற்றங்கரையில் பிக்காசோவின் சிலை ஒன்று நிற்கிறதாம். ராக்ஸெட்டின் பெர் கெஸ்லேயும் அந்த ஊர்க்காரர்தான். இவ்வளவு சிறிய ஊருக்கு இது கொஞ்சம் அதிகப்படியான பாக்கியம்! கடல் காற்றும் பாப் மெட்டுகளும் நிறைந்த அந்த ஊரில், அமெரிக்காவின் கறுப்பினப் பாடகிகளைக் கேட்டபடி ஒரு சிறுமி வளர்ந்தாள். வெகுதூரத்தில் இருந்த யாரோ சிலரின் குரலில் தன்னைக் கண்டுகொண்டாள். நானும் அப்படித்தான், வேறொரு கடலோரத்தில் இருந்தபடி, உன் குரலில் என்னைக் கண்டுகொண்டேன். தூரத்தை இசை எப்படிக் கடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடந்ததற்கு நானே சாட்சி.

செய்னாபோ, அடுத்த கடன் ஓர் இடத்துக்கு. பதின்ம வயதில் நீ ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பினாய், சோல் இசை படிப்பதற்காக. இந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது நான் நின்றுவிட்டேன். சோல் இசை படிப்பதற்காக! கணக்கும் வேதியியலும் படிக்கிற வயதில், பள்ளிக்கூடத்திலேயே, பாடமாகவே! அந்தப் பள்ளி இருந்தது ஃப்ரைஸ்ஹூசெட்டில். 1984-இல் ஆண்டர்ஸ் கார்ல்பெர்க் என்பவர் முன்னின்று, பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தொடங்கிய இளைஞர் மையம் அது. கூடைப்பந்து ஆட இடமில்லாத பிள்ளைகளுக்குத் தளம் கொடுத்தார்கள். கிட்டார் வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு இடமில்லாமல் அலைந்த பிள்ளைகளுக்கு அறைகள் கொடுத்தார்கள். பிறகு அந்த மையத்திலேயே மேல்நிலைப் பள்ளியும் வந்தது. குளிர்பதனத்துக்காகக் கட்டிய அந்தப் பழைய கிடங்கின் சுவர்களுக்குள் பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. அந்தக் கட்டடத்தை அப்படிப் பயன்படுத்தலாம் என்று யோசித்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் 2013-இல் காலமானார்; உன் முதல் சிங்கிள் வந்ததும் அதே ஆண்டில்.

செய்னாபோ, இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் நாட்டில் 1940-களிலேயே நகராட்சிகள் இசைப்பள்ளிகளைத் தொடங்கிவிட்டன. வீட்டில் காசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், குறைந்த கட்டணத்தில், ஊர்ப்பிள்ளைகள் கையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் வானொலிகளில் ஒலிக்கும் பாட்டுகளை எழுதிக் குவித்த மாக்ஸ் மார்ட்டின் பள்ளியில் ஃபிரெஞ்சு ஹார்ன் ஊதிப் பழகியவர்தான். தன் வளர்ச்சிக்கு அரசு கொடுத்த இசைக்கல்வியே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். இத்தனை சிறிய மக்கள்தொகையிலிருந்து இத்தனை இசை எப்படி வருகிறது என்று வெளியுலகம் வியக்கிறது. குளிர், இருட்டு, நீண்ட பனிக்காலம் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிரும் இருட்டும் இருக்கிற ஊர்கள் உலகில் ஏராளம். பிள்ளைகளுக்கு அறையும் ஆசிரியரும் கருவியும் கொடுத்த ஊர்கள் குறைவு. பாட்டு வகுப்புக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றுபோன குரல்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. அதனால்தான் உன் கதையில் இந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

செய்னாபோ, உன் வழியாக உன் மூத்தவர்களையும் சந்தித்தேன். உனக்கு முன்பே ஸ்டாக்ஹோமில் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. சியரா லியோனிலிருந்து வந்த அஹ்மது ஜா என்ற தாளக் கலைஞருக்கு இரண்டு மகள்கள், வேறுவேறு தாய்மாருக்குப் பிறந்தவர்கள். மூத்தவர் நெனே செர்ரி. 1964-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர், ஜாஸ் மேதை டான் செர்ரி வளர்த்த பிள்ளை. அவருடைய ‘ரா லைக் சுஷி’ 1989-இல் லண்டனிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றியது. இளையவர் டிட்டியோ, 1990-இல், நீ பிறந்த அதே ஆண்டில், தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தைக் கொடுத்தார். 2001-இல் வந்த அவருடைய ‘கம் அலாங்’ ஐரோப்பா முழுவதும் ஒலித்தது. மேற்கு ஆப்பிரிக்கத் தந்தை, இசை நிறைந்த வீடு, ஸ்டாக்ஹோம், பிறகு வெளியுலகம்: இந்த வரிசையை நீ தொடங்கவில்லை, தொடர்ந்தாய். டிட்டியோவின் குரல் மென்மையானது, ஓரங்களில் கொஞ்சம் பனி படிந்தது. நெனேவின் குரல் தெருவில் நின்று சவால் விடுவது. உன்னுடையது இரண்டிலும் சேராது. ஆனால் அந்த இருவரையும் கேட்ட பிறகு உன்னைக் கேட்டால், ஒரே பாதையில் மூன்று பேர் வெவ்வேறு வேகத்தில் நடப்பது கேட்கிறது. சோல் இசை என்றால் டெட்ராய்ட், மெம்ஃபிஸ் என்று மட்டுமே நினைத்திருந்த என் வரைபடத்தில் நீங்கள் மூவரும் வடக்கே ஒரு புள்ளி வைத்தீர்கள்.

செய்னாபோ, இப்போது ‘யங்கர்’. 2013 இறுதியில் வந்த உன் முதல் சிங்கிள். உன்னோடு சேர்ந்து அதை எழுதிய மக்னஸ் லிடேஹாலுக்கும் இந்தப் பத்தியில் பாதி போக வேண்டும். மடோனா போன்றவர்களுக்காகவும் வேலை செய்த தயாரிப்பாளர் அவர். பெரிய பாப் ஒலியை எப்படி எழுப்புவது என்று நன்றாகத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் உன் குரலைச் சுற்றி இடம் விட்டார். தொடக்கத்தில் நீ கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறாய். ஒலிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. பல்லவி வரும்போதுதான் தரை அதிர்கிறது. வயது பின்னோக்கிப் போகாது, வேண்டியதைத் தள்ளிப்போடாதே என்பதுதான் பாட்டின் சாரம். இருபத்து மூன்று வயதுப் பெண் இதைப் பாடுகிறாள் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வயதில் நேரம் என்பது தீராத பண்டம் என்றுதானே நினைப்போம்? நான் அந்தப் பாட்டைக் கேட்டபோது அப்படி நினைக்கும் வயதைக் கடந்திருந்தேன். தள்ளிப்போட்டவை சில என்னிடமும் இருந்தன. அவற்றில் ஒன்றை, கைவிட்டுவிட்டதாகவே நினைத்திருந்த ஒரு நூலை, மீண்டும் எடுத்து முடித்தேன். அந்த நூலின் சமர்ப்பணத்தில் உன் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

செய்னாபோ, ‘யங்கர்’ என்னை வந்தடைந்தது நார்வேக்காரர் கைகோ செய்த ரீமிக்ஸின் வழியாக. கடற்கரை வெயிலும் பியானோ துள்ளலும் கொண்ட அந்த வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு மூலப்பாட்டே மேல். அந்த வரிகளின் கனத்துக்குக் கடற்கரை வெயில் பொருந்தவில்லை என்பது என் கட்சி. ஆனாலும் அந்த ரீமிக்ஸ் இல்லாவிட்டால் என் காதுக்கு நீ வந்தே இருக்க மாட்டாய். அதனால் அவருக்கும் ஒரு வணக்கம்.

கனத்த குரல்காரியே, இனி நான் சொல்லப்போவது எனக்கு நெருக்கமான கடன். பள்ளி நாட்களில் கூட்டுப்பாடலுக்கு ஆள் எடுத்தபோது, ‘உனக்குக் கட்டைக்குரல், பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசை’ என்று என்னிடம் சொன்னார்கள். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெண்குரல் என்றால் மேல் ஸ்தாயியில் மணிபோல ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் சினிமாப் பாட்டுகள் எங்களுக்குக் கற்றுத்தந்த காது. ஆறு கட்டையில் ஏற முடியாத பெண்ணுக்கு அங்கே இடம் குறைவு. அதற்குப் பிறகு நான் யார் முன்னும் பாடியதில்லை. நீ பாடும்போது குரல் கீழே, நெஞ்சுக்கூட்டுக்குள், அடித்தளத்தில் இருக்கிறது. அங்கேயே நிற்கிறது. மேலே ஏறித் தன்னை நிரூபிக்க அது முயல்வதில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறுகிறது. ஏறிய பிறகும் அதன் கனம் குறைவதில்லை. ‘போயட்டிக்’ பாட்டை ஒருநாள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கே தெரியாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். உன் ஸ்தாயி எனக்குச் சரியாகப் பொருந்தியது. பக்கத்து அறையிலிருந்து என் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். ‘அம்மா, நீ பாடுவியா?’ என்று கேட்டாள். அவள் அதற்கு முன் என் பாட்டைக் கேட்டதே இல்லை. இப்போது சமையலறையிலும் பயணங்களிலும் நாங்கள் சேர்ந்து பாடுகிறோம். இதற்கு நான் உனக்கு என்ன கொடுக்க முடியும்?

செய்னாபோ, ‘ஹார்ட் டைம்’ கொடுத்தது வேறு வகை. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதிலும் பெண்பிள்ளைகளுக்கு அந்தப் பழமொழியை இரட்டிப்பாகவே ஊட்டுவார்கள். பூமியை ஆண்ட பெண்ணை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்கவில்லை; பொறுத்தவர்களை நிறையப் பார்த்தோம். துரோகம் செய்தவரை உடனே மன்னிக்க முடியவில்லை, இந்த முறை நான் சத்தமாகவே பேசுவேன் என்று உன் பாட்டில் ஒருத்தி அறிவிக்கிறாள். தாளம் காலடிபோல விழுகிறது, கைதட்டல்கள் சேர்கின்றன. அதில் கோபம் இருக்கிறது, கூச்சல் இல்லை. மன்னிப்பு என்பது கேட்டவுடன் எடுத்து நீட்ட வேண்டிய பொருள் என்று நான் நம்பியிருந்தேன். அதற்கும் காலம் எடுத்துக்கொள்ளலாம், கொடுக்காமலும் இருக்கலாம், அதனால் நான் கெட்டவள் ஆகிவிட மாட்டேன் என்பதை உன் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். நான் யாரை மன்னிக்கவில்லை என்பது இங்கே தேவையில்லை. மன்னிக்காமல் இருந்துகொண்டே நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்பதை மட்டும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

செய்னாபோ, ‘பரியல்’ பற்றி எழுதக் கை தயங்குகிறது. இந்த ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே உன் அப்பா இறந்துவிட்டார். அடக்கத்தைத் தலைப்பாகக் கொண்ட அந்தப் பாட்டை அதை மறந்துவிட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. எங்கள் கிராமத்தில் சாவு விழுந்தால் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். என் பெரியத்தை ஒப்பாரிக்குப் பெயர் போனவர். இறந்தவரின் வாழ்க்கையை, அவர் கட்டிய வீட்டை, வளர்த்த மாட்டை, வாங்கித்தராமல் விட்ட சேலையைக்கூட, அந்தக் கணத்திலேயே பாட்டாகக் கட்டி அழுவார். கேட்பவர்களும் அழுது முடித்துக் கொஞ்சம் லேசாவார்கள். நகரத்துக்கு வந்த எங்கள் தலைமுறைக்கு அது கைவிட்டுப் போயிற்று. அடுக்குமாடி வீட்டில் என் அப்பா இறந்தபோது கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தோம். துக்கத்துக்கு ஓசையே இல்லாமல் போனது. அது உள்ளேயே தங்கிவிட்டது. உன் பாட்டு ஒப்பாரி ஆகாது; அதில் மாரடிப்பு இல்லை, சொந்தபந்தம் சூழ்ந்த முற்றம் இல்லை. ஆனால் இறந்தவரைப் பாட்டில் வைத்து வழியனுப்பலாம், அதை நாகரிகமற்றது என்று யாரும் சொல்லத் தேவையில்லை என்பதை அது எனக்கு மறுபடியும் நினைவூட்டியது. அப்பா போய் வெகுநாள் கழித்து, பெரியத்தையைத் தேடிப் போய், அப்பாவுக்கு வைத்திருக்க வேண்டிய ஒப்பாரியை வைக்கச் சொன்னேன். அத்தைக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் பாடினார். அப்பாவின் சைக்கிள் அதில் வந்தது. அவர் விற்ற வயல் வந்தது. நான் அழுதேன், செய்னாபோ. காம்பியாக்காரர் ஒருவரின் மகள் ஸ்வீடனில் பாடிய பாட்டுதான் என்னைப் பெரியத்தையின் திண்ணைக்கு அனுப்பியது.

செய்னாபோ, நெருங்கியவளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். ‘பிரிடெண்ட்’ முழுவதும் எனக்கு ஒரே அளவுக்குப் பிடித்தது இல்லை. எல்லாப் பல்லவியும் மலைபோல உயர வேண்டுமா என்று சில இடங்களில் தோன்றியதுண்டு. இரண்டு மூன்று பாட்டுகளில் பின்னணி கொஞ்சம் ஒதுங்கி நின்றிருந்தால் உன் குரல் இன்னும் கிட்டத்தில் வந்திருக்கும். தலைப்புப் பாட்டின் துள்ளல் எனக்கு ஒட்டவே இல்லை. என் மகளுக்கு அதுதான் உயிர். முதல் ஆல்பத்தில் இப்படி நடக்கும். கையில் கிடைத்த வாய்ப்பு இன்னொரு முறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று எல்லாவற்றையும் உள்ளே வைப்போம். என் முதல் நூலும் அப்படித்தான் பிதுங்கி வழிந்தது. அந்த நிறைவும் தவிப்பும் சேர்ந்துதான் அது அந்த வயதின் ஆல்பமாக இருக்கிறது. நான் அதிலிருந்து ஒரு பாட்டையும் எடுத்துவிட மாட்டேன்.

செய்னாபோ, 2016 கிராமிஸ் விழா மேடை. ஸ்வீடனின் பெரிய இசை விருது அது. சிறந்த புதுமுகம் என்ற விருதை நீ அங்கே முன்பே பெற்றிருந்தாய். அந்த ஆண்டு சிறந்த பாப் கலைஞருக்கான விருதும் உனக்கு வந்தது. அவற்றைவிட எனக்குள் தங்கியது நீ பாடிய விதம். ‘ஹார்ட் டைம்’ பாட நீ மேடைக்கு வந்தபோது உன்னோடு நூறுக்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்கள் வந்து நின்றார்கள். அவர்கள் ஆடவில்லை, பின்குரல் கொடுக்கவில்லை. நின்றார்கள், பார்வையாளர்களைப் பார்த்தார்கள். அத்தனை பெண்களையும் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரே சட்டகத்தில் பார்த்த சிறுமிகள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஹால்ம்ஸ்டாட்டில் வளர்ந்தபோது நீ பார்த்திருக்க வேண்டிய காட்சியை, வேறு ஊர்களில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காக நீயே உண்டாக்கினாய் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். விருது கையில் வரும் வேளையில் மேடையைப் பகிர்ந்துகொள்ள மனம் வேண்டும். பெற்றோரின் பெயரை முதலில் எழுதியவளுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

செய்னாபோ, அதன் பின் 2018-இல் ‘ஐ’ம் எ ட்ரீம்’ வந்தது. ‘ஐ ஓ யு நத்திங்’ பாட்டின் காணொளியை உன் அப்பாவின் நாட்டிலேயே எடுத்தாய். முதல் ஆல்பத்தில் நான் தேடிக் காணாத காம்பியா அங்கே வெயிலோடு, தெருவோடு, மனிதர்களோடு திரை நிறைய இருந்தது. யாருக்கும் எதுவும் கடன்படவில்லை என்று நீ நிமிர்ந்து பாடுகிறாய். உன்னைக் குறைத்துப் பார்த்தவர்களுக்கு அது சரியான பதில். நான் மட்டும் என் கணக்கை இப்படி நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ என்னிடம் எதையும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

செய்னாபோ, கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மடலில் உன் அப்பாவைப் பற்றி நிறையச் சொன்னேன். அவருடைய நாட்டைத் தேடிப் போனேன். அவரை நினைத்து என் அப்பாவுக்காகவும் அழுதேன். முதல் அட்டையில் பெயர் இடம்பெற்ற உன் அம்மாவைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. இசைக்கலைஞரின் மகளை ஊர் அடையாளம் காணும். அந்த மகளைத் தினமும் பள்ளிக்குக் கிளப்பி, பதின்ம வயதிலேயே தலைநகருக்குப் போய்ப் பாட்டுப் படிக்கிறேன் என்று நின்றபோது போகவிட்ட அம்மாவை யாரும் விசாரிப்பதில்லை. எங்கள் ஊரிலும் இதுதான் நிலை. அடுத்த முறை நீ அவரைப் பார்க்கும்போது, தமிழில் எழுதும் ஒருத்தி, தானும் ஒரு பெண்ணுக்குத் தாயானவள், மேடலின் அம்மாவைக் கேட்டதாகச் சொல். என் மகளும் சொல்லச் சொன்னாள்.

அன்பும் நன்றியுமாக,
உன் தமிழ் ரசிகை